25 நொடிகளின் வரலாறு: சர்க்கி தாத்ரியிலிருந்து மும்பை வான்வெளி வரை

2018 பிப்ரவரி 7 அன்று மாலை, மும்பையிலிருந்து போபாலுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ஏர்பஸ் விமானம் ஒன்று உயரம் ஏறிக்கொண்டிருந்தது. தில்லியிலிருந்து புணேவுக்குச் சென்றுகொண்டிருந்த விஸ்தாரா விமானம் எதிர்த்திசையில் வந்தது. ஏறத்தாழ 27,000 அடி உயரத்தில் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. செங்குத்து இடைவெளி 100 அடி அளவுக்குச் சுருங்கியதாக அன்றைய செய்திகள் தெரிவித்தன. இரு விமானங்களிலும் சேர்த்து 261 பேர் இருந்தனர். விமானி அறைகளில் எச்சரிக்கைக் குரல் எழுந்தது. விமானிகள் அதன்படி இயங்கினர். விமானங்கள் விலகிச் சென்றன. விமான விபத்து விசாரணை அமைப்பு அதைக் கடுமையான நிகழ்வாகக் கருதி விசாரணையைத் தொடங்கியது.

எவரும் இறக்கவில்லை என்பதாலேயே இத்தகைய நிகழ்வுகள் வரலாற்றெழுத்தில் இடம்பெறுவதில்லை. விபத்துக்கு நினைவுத்தூண் உண்டு. தவிர்க்கப்பட்ட விபத்துக்கு விசாரணை அறிக்கை மட்டுமே எஞ்சும். ஆயினும் அந்தச் சில நொடிகளில் விமானிகள் செய்தது தன்னிச்சையான செயலன்று. அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக் காலம் நீண்ட ஒரு வினாவும், அதற்கு விடை காண உலகம் கொடுத்த விலையும் இருக்கின்றன. தரையிலிருந்து ஒரு மனிதர் ஒன்றைச் சொல்கிறார். விமானத்திலுள்ள கருவி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. விமானி யாருக்குக் கீழ்ப்படிவது? இந்த வினாவின் வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு துயரமான, தவிர்க்கவியலாத இடம் உண்டு.

இந்தியக் குடிமை வானூர்திப் போக்குவரத்தின் தொடக்கம் மும்பையில்தான். 1928இல் ஜுஹு விமானத்தளம் தோன்றியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அஞ்சல் மூட்டைகளுடன் ஒரு சிறு புஸ் மாத் விமானத்தை அகமதாபாத் வழியாக ஜுஹுவுக்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். அந்தப் பாதையில் மோதுவதற்கு வேறு விமானமே இல்லை. 'கண்ணால் பார், விலகிச் செல்' என்பதே அக்காலத்தின் ஒரே விதி. கப்பலோட்டிகளிடமிருந்து வந்த அந்த விதி, மெதுவாகப் பறக்கும் சில விமானங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த விதியின் எல்லை 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் வெளிப்பட்டது. இரு பெரும் பயணிகள் விமானங்கள் மோதியதில் 128 பேரும் மாண்டனர். இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, வானை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தரைக் கட்டுப்பாட்டின் கையில் உறுதியாகக் குவிந்தது. 1958இல் அமெரிக்கா அதற்கெனத் தனிச்சட்டமும் தனி அமைப்பும் உருவாக்கியது. இரண்டாவது, அதிகம் பேசப்படாதது. பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மாரெல், மோதலைத் தொலைவைக் கொண்டன்றி நேரத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். எதிரெதிராக விரையும் இரு ஜெட் விமானங்களுக்கு இடையே பத்து மைல் இருப்பது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் அவை சந்திக்க ஒரு நிமிடமும் ஆகாது. இடைத்தொலைவை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் எஞ்சியுள்ள நொடிகள் கிடைக்கும். இன்றைய மோதல் தவிர்ப்புக் கருவிகள் அனைத்தும் இந்த எளிய வகுத்தலின் மீதே நிற்கின்றன.

அடுத்த இருபது ஆண்டுகளில் தரையின் குரல் வானில் முழு அதிகாரம் பெற்றது. கட்டுப்பாட்டாளர் சொல்லாமல் உயரம் மாற்றுவது குற்றமாயிற்று. ஆனால் அந்தக் குரலும் ஒரு மனிதரின் குரலே. 1976 செப்டம்பர் 10 அன்று யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் அருகே பிரித்தானிய விமானமும் உள்நாட்டு விமானமும் மோதி 176 பேர் இறந்தனர். அளவுக்கு மீறிய பணிச்சுமையில் இருந்த ஒரு கட்டுப்பாட்டாளர், கடைசி நொடிகளில் பதற்றத்தில் ஆங்கிலத்தைக் கைவிட்டுத் தம் தாய்மொழியில் கட்டளையிட்டார். பிரித்தானிய விமானிகளுக்கு அது புரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் சிறையிலடைக்கப்பட்டார், அமைப்பின் குறைபாட்டுக்குத் தனிமனிதரைத் தண்டிப்பதா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. 1986 ஆகஸ்ட் 31 அன்று கலிபோர்னியாவின் செரிட்டோஸ் என்ற குடியிருப்புப் பகுதியின் மேல் ஒரு பயணிகள் விமானமும் ஒரு சிறு விமானமும் மோதின. இறந்த 82 பேரில் 15 பேர் தங்கள் வீடுகளிலும் தெருவிலும் இருந்தவர்கள். மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. 'டிகாஸ்' என்று விமானிகள் அழைக்கும் அந்தக் கருவி 1990களின் தொடக்கத்தில் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

அது இயங்கும் முறையை அறியாமல் பின்வரும் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது. ஒவ்வொரு விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்னும் பதிலளிப்பான் உண்டு. டிகாஸ் பொருத்திய விமானம் ஏறத்தாழ நொடிக்கொரு முறை 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சுற்றிலும் வினவும். அருகிலுள்ள விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தம் உயரத்தைச் சொல்லி விடையளிக்கும். விடை திரும்பி வர எடுக்கும் நேரத்திலிருந்து தொலைவு கணிக்கப்படுகிறது. தரையிலுள்ள எந்த நிலையத்தின் துணையும் இதற்குத் தேவையில்லை. மோதலுக்கு உயரத்தைப் பொறுத்து 20 முதல் 48 நொடிகள் இருக்கும்போது 'டிராஃபிக், டிராஃபிக்' என்ற முதல் எச்சரிக்கை ஒலிக்கும். அது கட்டளையன்று, ஆயத்தமாகும்படி சொல்வது. 15 முதல் 35 நொடிகள் இருக்கும்போது இரண்டாவது குரல் எழும்: 'கிளைம்ப், கிளைம்ப்' அல்லது 'டிசென்ட், டிசென்ட்'. இது கட்டளை. விமானி தானியங்கி ஓட்டியைத் துண்டித்து, 5 நொடிகளுக்குள், திரையில் காட்டப்படும் ஏற்ற அல்லது இறக்க வேகத்துக்கு விமானத்தைக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் அது நிமிடத்துக்கு 1,500 அடி. இருக்கையில் சற்று அழுத்தப்படுவதைத் தவிரப் பயணிக்கு வேறொன்றும் தெரியாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரு விமானங்களிலும் கருவி இருந்தால், அவை தமக்குள் பேசி முடிவெடுக்கும். ஒன்று ஏறுவதெனத் தீர்மானித்தால் மற்றதற்கு இறங்கும்படியே ஆணை வரும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திசையைத் தேர்ந்தால், ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய 24 இருமஎண் முகவரியில் எது சிறியதோ அதன் தேர்வே நிற்கும். ஒருவரையொருவர் கண்டிராத இரு விமானிகளுக்கு இடையே கருவிகள் ஓர் உடன்படிக்கையை எழுதுகின்றன. அவ்வுடன்படிக்கையில் ஒருவர் தம் பங்கை நிறைவேற்றாவிட்டால், மற்றவர் நிறைவேற்றும் பங்கே ஆபத்தாக மாறக்கூடும்.

அமெரிக்கா கட்டாயமாக்கிய பின்னும் உலகின் பெரும்பகுதி காத்திருந்தது. கருவிக்கு விலை அதிகம். தரைக் கட்டுப்பாடு இருக்கிறதே என்ற எண்ணமும் இருந்தது. அந்தக் காத்திருப்பின் கணக்கு 1996 நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி அருகே வயல்வெளிகளில் சிதறியது. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானம் 14,000 அடிக்கு ஏற அனுமதி பெற்றிருந்தது. தில்லியில் இறங்க வந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானம் 15,000 அடியில் நிற்க அறிவுறுத்தப்பட்டிருந்தது. எதிரே ஒரு 747 வருகிறது என்ற தகவலும் அதற்குத் தரப்பட்டது. ஆயினும் அது 15,000 அடிக்குக் கீழே இறங்கியது. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். வானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் இன்றுவரை மிகப் பெரிய உயிரிழப்பு இதுவே.

நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான விசாரணை, அனுமதியின்றி உயரம் குறைந்ததையே நேரடிக் காரணமாகக் கண்டது. ஆனால் அந்த ஒற்றைக் காரணத்துக்குப் பின்னால் பல அடுக்குகள் இருந்தன. கஜகஸ்தான் விமானத்தில் கட்டுப்பாட்டாளருடன் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு தனி வானொலி இயக்குநரிடம் இருந்தது. அவருக்கெனத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தே அவர் உயரத்தை அறிய வேண்டியிருந்தது. மீட்டரில் பழகியவர்கள் அடியில் கேட்டனர். தில்லியிலோ, வான்படையின் தேவைக்கென ஒதுக்கிய பகுதி போக, குடிமை விமானங்களின் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வழித்தடமே எஞ்சியிருந்தது. அன்று பயன்பாட்டில் இருந்த முதன்மை ரேடாரில் விமானம் இருக்கும் இடம் புள்ளியாகத் தெரியும், உயரம் தெரியாது. உயரத்தையும் காட்டும் புதிய ரேடார் இன்னும் முழுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. எனவே கட்டுப்பாட்டாளர், விமானி சொன்ன உயரத்தை நம்புவதைத் தவிர வேறு வழியற்றிருந்தார். இரு விமானங்களிலும் டிகாஸ் இல்லை.

இறந்தவர்களில் பெரும் பகுதியினர் வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர்கள். அந்தக் காலத்தில் மும்பையின் தாராவியிலிருந்தும் தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்தும் கிளம்பியவர்களும் இதே வகையான விமானங்களில்தான் சென்றனர். முதன்முறை விமானம் ஏறுபவருக்குத் தாம் அமரும் விமானத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று கேட்கும் வாய்ப்போ, தேர்ந்தெடுக்கும் வாய்ப்போ இல்லை. பாதுகாப்பு என்பது பயணியின் தேர்வாக இருக்க முடியாது, அரசின் கட்டாயமாகவே இருக்க வேண்டும் என்பதை இந்த விபத்தைப் போல் தெளிவாகக் காட்டியது வேறில்லை. அதன்பின் இந்தியா தன் வான்வெளியில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனித் தடங்கள் பிரிக்கப்பட்டன. பன்னாட்டுக் குடிமை வானூர்தி அமைப்பு அதே கருவியை உலகளவில் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது 2003 ஜனவரி முதல் நாள்தான். 349 உயிர்களுக்குப் பின் இந்தியா எடுத்த முடிவு, உலக விதிக்கு முந்தியது.

கருவி வந்துவிட்டது. ஆனால் கீழ்ப்படிதல் பற்றிய வினாவுக்கு இன்னும் விடை எழுதப்படவில்லை. 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர் ஒருவர், இறங்க வேண்டிய விமானத்தின் எண்ணுக்குப் பதிலாக மற்றொன்றின் எண்ணைச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டளையை ஏற்று இறங்கத் தொடங்கிய 747 விமானத்தில் 'கிளைம்ப்' என்ற குரல் எழுந்தது. தலைமை விமானி தொடர்ந்து இறங்கினார். எதிரே வந்த டிசி-10 விமானமோ தன் கருவியின் ஆணைப்படி இறங்கிக்கொண்டிருந்தது. இறுதியில் கண்ணால் கண்டு திடீரென மூக்கைத் தாழ்த்தியதால்தான் 677 பேர் பிழைத்தனர். ஏறத்தாழ 100 பேர் காயமுற்றனர். கட்டுப்பாட்டாளர்கள் இருவர் மீது தொடரப்பட்ட வழக்கில் தண்டனையை ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2010இல் உறுதிசெய்தது.

அந்த நிகழ்வின் விசாரணை முடிவு வெளியாகும் முன்பே அடுத்தது நேர்ந்தது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேல், பள்ளிக் குழந்தைகளை ஏற்றிவந்த ரஷ்ய டுபலேவ் விமானமும் ஒரு சரக்கு போயிங் விமானமும் நெருங்கின. சூரிச்சில் அந்த நேரத்தில் ஒரே கட்டுப்பாட்டாளர் இரு பணிமேடைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி இணைப்பும் எச்சரிக்கை அமைப்பின் ஒரு பகுதியும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. அவர் டுபலேவை இறங்கச் சொன்னார். சில நொடிகளில் அதன் டிகாஸ் ஏறச் சொன்னது. சரக்கு விமானத்தின் டிகாஸ் அதனை இறங்கச் சொன்னது. அவ்விமானிகள் அதன்படியே செய்தனர். டுபலேவ் விமானிகள் தரையின் குரலுக்குக் கீழ்ப்படிந்தனர். இருவரும் இறங்கினர். 71 பேரும் இறந்தனர். தம் குடும்பத்தை இழந்த ஒருவர், 2004இல் அந்தக் கட்டுப்பாட்டாளரைக் கொலைசெய்தார்.

டுபலேவ் விமானிகளை விதி மீறியவர்கள் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. தரைக் கட்டுப்பாட்டின் சொல்லை மீறக் கூடாது என்றே அவர்கள் பயின்றிருந்தனர். அவர்களுக்குத் தரப்பட்ட கையேடுகளிலும் எது மேலானது என்பதில் தெளிவில்லை. கருவியை உலகுக்குக் கொடுத்தவர்கள் கீழ்ப்படிதலின் வரிசையை எழுதாமல் விட்டிருந்தனர். 2003இல் பன்னாட்டு விதி திருத்தப்பட்டது: கருவியின் ஆணையும் கட்டுப்பாட்டாளரின் ஆணையும் முரண்பட்டால், விமானி கருவியையே பின்பற்ற வேண்டும், அதற்கு எதிரான திசையில் ஒருபோதும் நகரக் கூடாது, விமானி 'டிகாஸ் ஆர்.ஏ.' என்று அறிவித்த நொடியிலிருந்து கட்டுப்பாட்டாளர் அவ்விமானத்தின் பாதையை மாற்ற முயலக் கூடாது. கருவியின் மொழியும் பின்னர்த் திருந்தியது. விமானிகள் சிலர் நேர்மாறாகப் புரிந்துகொண்ட ஒரு சொற்றொடர் நீக்கப்பட்டு, 'லெவல் ஆஃப்' என்ற தெளிவான கட்டளை இடம்பெற்றது.

இங்கே ஓர் எதிர்வினா எழுவது நியாயமே: கருவி தவறினால்? மும்பைக்கு அந்த அனுபவமும் உண்டு. 1978 ஜனவரி 1 இரவு சாந்தாக்ரூஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747, பாந்த்ராவுக்கு அப்பால் அரபிக்கடலில் வீழ்ந்து 213 பேர் இறந்தனர். தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வுகாட்டி பழுதுபட்டு, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. இருட்டில் கடலின் மேல் அடிவானம் தெரியாத நிலையில், அவர் அதை நம்பி விமானத்தை இடப்பக்கம் மேலும் மேலும் சாய்த்தார். கருவியை நம்பியதால் நேர்ந்த விபத்து அது. அப்படியாயின் டிகாஸுக்குக் கண்மூடிக் கீழ்ப்படியச் சொல்வது எவ்வாறு தகும்?

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சாய்வுகாட்டி என்பது ஒரு விமானத்தின் உள்விவகாரம். அதே அறையில் துணை விமானியின் முன் மற்றொரு சாய்வுகாட்டி இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்து ஐயப்படுவதே அங்கே பாதுகாப்பு. டிகாஸின் ஆணையோ இரு விமானங்களுக்கு இடையிலான உடன்பாட்டின் ஒரு பாதி. மறுபாதி, தாம் ஒருபோதும் காணாத இன்னொரு விமானியின் கையில் இருக்கிறது. ஐயப்பட்டு நிற்பவர், தம் விமானத்தை மட்டுமன்று, எதிரே நம்பிக்கையுடன் ஆணையை நிறைவேற்றுபவரின் விமானத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். சரிபார்க்க நேரம் இருக்கும் இடத்தில் ஐயம் அறிவு. 25 நொடிகளில், இருவர் ஒரே வேளையில் செயல்பட வேண்டிய இடத்தில், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒழுங்கே அறிவு. யூபர்லிங்கனின் பாடம் கருவி மனிதரைவிட மேலானது என்பதன்று. எல்லாரும் ஒரே குரலைக் கேட்க வேண்டும் என்பதே.

இந்தப் பின்னணியில் 2018 பிப்ரவரி நிகழ்வை மீண்டும் படிக்கலாம். எந்த உயரத்துக்கு அனுமதி தரப்பட்டது என்பதில் தரப்புகள் முரண்பட்டன. விஸ்தாரா விமானம் 29,000 அடியில் நிற்க வேண்டியிருந்தது என்று செய்திகள் கூறின. தம் விமானிகள் கட்டுப்பாட்டாளர் சொன்னபடியே நடந்ததாக அந்நிறுவனம் கூறியது. சர்க்கி தாத்ரியின் சூழலை இது பெரிதும் ஒத்திருக்கிறது: ஏறும் விமானம், அதே பாதையில் கீழே வந்த மற்றொன்று, அனுமதிக்கப்பட்ட உயரம் பற்றிய குழப்பம். முடிவு மட்டுமே வேறு. சொல்லும் செவியும் தவறுவதை எந்தத் தொழில்நுட்பமும் முற்றாக ஒழிக்கவில்லை; தவறு நேர்ந்த பின்னரும் 25 நொடிகள் எஞ்சியிருக்கும்படி ஓர் ஏற்பாட்டை அது செய்து வைத்தது. அந்த நொடிகளில் என்ன செய்வது என்பதில் விமானிகளுக்கு 2018இல் ஐயமில்லை. 1996இல் கருவி இல்லை; 2002இல் ஐயம் இருந்தது.

மும்பையைப் பொறுத்தவரை இது வெறும் கோட்பாடன்று. அந்நகர விமான நிலையத்தின் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்த இயலும். அந்த நிலையிலும் 2018 டிசம்பரில் ஒரே நாளில் 1,007 விமான இயக்கங்கள் பதிவாயின. இரண்டாம் ஓடுபாதையின் தென்கிழக்கு முனைக்கு அப்பால் செம்பூரும், அதற்கப்பால் டிராம்பே குன்றும் அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. தாராவி, மாட்டுங்கா, குர்லா, காட்கோபர் என நெருங்கிய குடியிருப்புகள் சுற்றிலும் விரிந்திருக்கின்றன. அதே 2018 ஜூன் 28 அன்று காட்கோபரில் ஒரு சிறு விமானம் வீழ்ந்தபோது, அதிலிருந்த நால்வருடன் தெருவில் சென்ற ஒருவரும் இறந்தார். அது மோதலால் நேர்ந்ததன்று. ஆயினும் இந்த நகரத்தின் மேல் நிகழும் எதுவும் வானோடு முடிவதில்லை என்பதைக் காட்டியது. செரிட்டோஸில் இறந்த 15 பேருக்கும் விமானப் பயணச்சீட்டு இருக்கவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பின் நாளிலிருந்து எழுதப்படுகிறது. மோதல் தவிர்ப்புக் கருவியின் அடிப்படைக் கருத்து 1950களில் தோன்றியது. கருவி முதிர்ந்தது 1980களில். இந்தியா கட்டாயமாக்கியது 1996க்குப் பின். யாருக்குக் கீழ்ப்படிவது என்ற விதி எழுதப்பட்டது 2003இல். கருத்துக்கும் விதிக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பத்தாண்டிலும் இறந்தோரின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கருவியைக் கண்டுபிடிப்பதைவிட, அதைக் கட்டாயமாக்கும் அரசியல் துணிவும், அதைச் சுற்றி மனிதர்கள் தம் அதிகாரத்தை மறுபங்கீடு செய்துகொள்ளும் இணக்கமும் அரியவை. 2018 பிப்ரவரி 7 மாலை வீடு திரும்பிய 261 பேரில் பலர் சர்க்கி தாத்ரி என்ற ஊர்ப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அவர்களுடைய உயிர் அந்த ஊரின் வயல்களில் வீழ்ந்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.